அரை மீன் நீந்தாது

வில்லோ நாரோஸ்
27 ஏப்ரல் 1987

அன்புள்ள ஹல்யா அக்காவுக்கு,

ஈஸ்டர் விருந்தில் பாதியில் எழுந்து போனது தப்புதான். நீ சொன்னதும் தப்புதான். எது பெரிய தப்பு என்று பேச உட்கார்ந்தால் நீ அதற்கும் பத்துக்கு எத்தனை என்று போடுவாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

"மார்க் போடாத வாத்தியாரும் அளவெடுக்காம சட்டை தைக்கிற டெய்லரும் ஒண்ணு" என்று நீ சொன்னபோது மைரான் அத்தான் சிரித்தாரே, அந்தச் சிரிப்புதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. இருபது பேர் முன்னால் அக்கா. நானும் உன்னைப் போலக் கணக்கு வாத்தியார்தான். உன் வீட்டில் தங்கி, உன் வகுப்பில் உட்கார்ந்து படித்தவன். "பள்ளிக்கூடத்துல நான் மிசஸ் கோஸ்டியுக். வாய் தவறி அக்கான்னா வெளிய நிக்க வெச்சிடுவேன்" என்று காலையில் கஞ்சி ஊற்றிக்கொண்டே மிரட்டியவள் நீ.

அன்று நீ சொல்ல விடாததை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் மார்க் போடாமல் இல்லை. என் நோட்டில் போடுகிறேன். பிள்ளைகளின் தாளில் போடுவதில்லை, அவ்வளவுதான். இந்த வடக்கு ஏரிக்கரை ஊருக்கு வந்த முதல் மூன்று வருஷமும் தாள் முழுக்கச் சிவப்பு மையில் எழுதித் தள்ளினேன். கையில் வாங்கியதும் என்ன செய்வார்கள் தெரியுமா? மேலே இருக்கிற எண்ணைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவனின் எண்ணைப் பார்ப்பார்கள். மடித்துப் பைக்குள் போடுவார்கள். ஜனவரியில் ஒரு காரியம் செய்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தமே நாலு பேர். நாலு பேர் தாளிலும் இரண்டாம் பக்கத்தில், 'இதைப் படித்தால் என் மேஜைக்கு வந்து ஓர் ஆப்பிள் வாங்கிக்கொள்' என்று எழுதினேன். குளிர்காலத்தில் இங்கே ஆப்பிள் என்பது சாதாரணம் இல்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். கடைசியில் நாலையும் நானே தின்றேன்.

அதற்குப் பிறகுதான் எண்ணை எடுத்தேன். தாளில் ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன். அதற்குப் பதில் எழுதிக்கொண்டு வந்தால் நோட்டைத் திறந்து மார்க்கைக் காட்டுவேன். முதல் இரண்டு வாரம் என்னை அடிக்க வராத குறைதான். "சார், பாஸா ஃபெயிலா, அத மட்டும் சொல்லிடுங்க, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது தாளைக் கொடுத்தால் குனிந்து படிக்கிறார்கள்.

வெர்னா லபுக்கன் என்று ஒருத்தி. எட்மன்டன் நகரத்தில் நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று கிடக்கிறாள். கணக்கில் அறுபது இருந்தால்தான் இடம். அவள் தாளில் விடை மட்டும்தான் இருக்கும், வழி இருக்காது. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு ரப்பரால் தேய்த்துவிடுவாள். தாளை ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் அவள் என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரிகிறது. சில இடத்தில் தாளே ஓட்டையாகிவிடுகிறது. "ஏம்மா அழிக்கிற?" என்றேன். முன்பு விடுதிப் பள்ளியில் படித்தபோது இவளுடைய அடித்தல் திருத்தலை ஒரு டீச்சர் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினாராம். "அன்னிலேர்ந்து யாருக்கும் காட்றதில்ல சார்" என்றாள்.

உனக்குத் தெரிந்தால் ஏதாவது வழி சொல். கோபமாக இருந்தாலும் சொல்.

உன் தம்பி
ஒரெஸ்ட்


நோவா டொலீனா
7 மே 1987

அன்புள்ள ஒரெஸ்ட்,

மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்து என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறாய். பரவாயில்லை, சின்ன வயதிலிருந்தே உனக்கு அது கைவந்த கலை. நீ விட்டுப்போன ஈஸ்டர் ரொட்டி இரண்டு நாள் மேஜையிலேயே இருந்தது. யாரையும் தொட விடவில்லை. பிறகு மைரான், "அவன் கோவத்த நான் தின்னுடறேன்" என்று தின்றுவிட்டார்.

டெய்லர் என்று சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

ஆப்பிள் கதையைப் படித்துச் சிரித்தேன். அதற்காக உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஜூனில் உன் நாலு பேரும் மாகாணத் தேர்வு எழுத வேண்டும். இறுதி மார்க்கில் பாதி நீ போடுவது, மீதிப் பாதி அந்தத் தேர்வு. அங்கே யாரும் தாளில் கேள்வி எழுதி, பதில் வரும் வரை காத்திருக்கப் போவதில்லை. எண்ணைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? இன்னொன்று. அந்தப் பெண் மேல் இரக்கப்பட்டு உன் பாதியை ஏற்றிப் போட்டுத் தொலைக்காதே. ஜூலையில் அந்தத் தாள்களைத் திருத்த எட்மன்டனுக்குப் போகிறவள் நான். வாத்தியார் தாராளமாக அள்ளிக் கொடுத்திருப்பார், தேர்வில் பிள்ளை குப்புற விழுந்திருக்கும். பார்க்கவே சகிக்காது.

கேட்டாயே என்பதற்காக ஒரு வழி. அவளுடைய ரப்பரைப் பிடுங்கிக்கொள். தப்பு என்று தோன்றினால் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு போடட்டும். அடித்த வரியும் படிக்கிற மாதிரித் தெரிய வேண்டும். என் வகுப்பில் இருபது வருஷமாக அதுதான் சட்டம். உனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், நீ ரப்பரைத் தின்றுகொண்டிருந்ததால் மறந்திருப்பாய்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். மே மாதத்தில் எதற்கு என்று எழுதாதே, போட்டுக்கொள்.

ஹல்யா


வில்லோ நாரோஸ்
31 மே 1987

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் காலுறையும் நேற்றுத்தான் வந்தன. விமானம் ஏரியில்தான் இறங்க வேண்டும், ஏரிப் பனி பாதி உருகிக் கிடந்ததால் மூன்று வாரமாக வரவில்லை. ஆனால் மே பதினைந்தாம் தேதி நான் ஃபோனில் கூப்பிட்டபோது நீ இரைச்சலுக்கு நடுவே "ஒரே கோடு, ஒரே கோடு" என்று கத்தியது காதில் விழுந்தது. பள்ளிக்கூட ஃபோன் என்பதால் தலைமையாசிரியருக்கும் விழுந்தது. அவர் அன்று முழுக்க என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ரப்பரைப் பிடுங்கினேன். வெர்னா முதல் நாள் ஒன்றுமே எழுதவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் ஒரு வரி எழுதினாள், அடித்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அவளாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். அடித்த வரிக்குப் பக்கத்தில் நான் கேட்கிற மாதிரியே ஒரு கேள்வியை எழுதுகிறாள். தனக்குத் தானே. 'இது ஏன் கூடிக்கிட்டே போகுது?' இந்த மாதிரி. கேள்வியை எழுதி முடிக்கும்போதே பாதிக்குப் பாதி விடை தெரிந்துவிடுகிறதாம். "நீங்க ஒண்ணும் பெருசா செய்யல சார். கேள்வி கேக்கறது மட்டும்தான் உங்க வேல" என்றாள். அது உண்மைதான்.

ஏன் நர்ஸ் என்று கேட்டேன். இங்கே மருத்துவ நிலையத்துக்கு வருகிற நர்ஸ்கள் ஆறு மாதத்தில் தெற்கே ஓடிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு ஆங்கிலம் வராது. வெர்னாதான் அவர்கள் பேசும் க்ரீ மொழியில் கேட்டுச் சொல்கிறாள், பதினாலு வயதிலிருந்து. "எங்க வலிக்குதுன்னு நான்தான் கேக்கறேன். மருந்து குடுக்கறது மட்டும் வேற ஆளு. அதையும் நானே குடுத்துட்டுப் போறேனே" என்கிறாள்.

என் பாதியை ஏற்றிப் போட மாட்டேன். வருஷம் முழுக்க அவள் செய்ததைக் கூட்டினால் அறுபத்தாறு வருகிறது. அறுபத்தாறுதான் போட்டேன். கை எழுபது என்று எழுதத் துடித்தது, உன்னிடம் மறைக்கவில்லை.

ஒரெஸ்ட்


நோவா டொலீனா
10 ஜூன் 1987

தம்பி,

இதை மைரானிடம் சொல்லிவிடாதே. என் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு தேர்வுத் தாளை மார்க் போடாமல் கொடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. பக்கத்தில் கேள்வி எழுதிக்கொள்ளவும் சொன்னேன். வகுப்பு முதல்வி அழுதாள். இரண்டு அப்பாக்கள் தலைமையாசிரியரிடம் போய், "எங்க வீட்டுப் பிள்ள எத்தனையாவதுன்னு தெரிய வேணாமா?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள்.

ஆனால் ட்வேய்ன் பாவ்லியுக் என்று ஒரு கோமாளி இருக்கிறான். மூன்று வருஷமாகக் கடைசி பெஞ்சு. அவன் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தான். அன்றிலிருந்து எல்லாக் கணக்குக்கும் பக்கத்தில் தனக்குத் தானே கேள்வி எழுதுகிறான், கூடவே கிண்டலும். ஓர் இடத்தில் 'இந்த டிராக்டர் மணிக்கு நானூறு மைல் போகுதாம், எங்கப்பா உடனே வாங்கிடுவார்' என்று எழுதியிருந்தான். அதைக் கவனித்ததால்தான் விடை தப்பு என்று அவனுக்கே தெரிந்தது.

நீ முழுக்கச் சரி என்று சொல்லவில்லை. முழுக்கத் தப்பும் இல்லை. உனக்கு இதுவே ஜாஸ்தி.

அறுபத்தாறு போட்டதற்குச் சபாஷ். தைரியம் வேண்டும்.

ஹல்யா


வில்லோ நாரோஸ்
4 ஜூலை 1987

அன்புள்ள அக்கா,

தேர்வு முடிந்தது. இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது நீ எட்மன்டனில் இருப்பாய் என்று நினைக்கிறேன். வீட்டுக்குத் திரும்பியதும் படி.

வெர்னா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவளாகவே பேசினாள். ஏரியில் ஐயாயிரம் மீன், வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, நாலு வருஷம் கழித்து எத்தனை இருக்கும் என்று ஒரு கேள்வி, ஐந்து மார்க். முதலில் வருஷத்துக்கு ஐந்நூறு ஐந்நூறாகக் கழித்திருக்கிறாள். மூவாயிரம் வந்தது. கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில், 'மீன் குறைஞ்சா அதுல பத்தில ஒரு பங்கும் குறையணும்ல?' என்று எழுதினாளாம். பிறகு சரியாகப் போட்டாள். மூவாயிரத்து இருநூற்று எண்பதரை வந்தது. விடையை மூவாயிரத்து இருநூற்று எண்பது என்று எழுதி, பக்கத்தில், 'அரை மீன் நீந்தாது' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

"அதுக்கு மார்க் குறைப்பாங்களா சார்?"

"குறைக்க மாட்டாங்க. நல்ல ஆளு கையில விழுந்தா சிரிச்சிட்டு அஞ்சும் போடுவாங்க."

மற்ற கேள்விகள் கஷ்டம், சரியாகச் செய்தேனா தெரியவில்லை என்றாள். ஆனால் அந்த மீன் கணக்கில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. ஒரு கணக்கில் தன்னை நம்புகிற முகம். இந்த நாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

அவள் அம்மா புகையில் வாட்டிய மீன் கொடுத்து அனுப்பினாள். முழு மீன்தான்.

ஒரெஸ்ட்


எட்மன்டன், மாணவர் விடுதி
15 ஜூலை 1987

அன்புத் தம்பி,

எட்டு நாளாகத் தாள் திருத்துகிறோம். ஒரு பெரிய கூடம், மேஜைக்கு ஆறு பேர், ஒரு மேஜைத் தலைவர். காலையில் எல்லாரும் ஒரே தாளைத் திருத்தி, அளவுகோல் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒரு விடையை ஒருவர்தான் திருத்துவார், மற்ற விடைகள் வேறு மேஜைகளுக்குப் போகும். தன் மாணவன் எழுத்து என்று தெரிந்தால் படிக்காமல் மேஜைத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதுதான் விதி. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. வறுத்த உருளைக்கிழங்கைக்கூட அவித்த மாதிரி செய்ய இவர்களால் முடிகிறது.

இன்று ஒரு வேடிக்கை. மீன் கணக்கு ஒன்று, ஐந்து மார்க். ஒரு தாளில் ஒரே கோடு போட்டு அடித்த வரி, பக்கத்தில் தனக்குத் தானே கேள்வி, கடைசியில் 'அரை மீன் நீந்தாது' என்று ஒரு கிண்டல். வேறு யார்? என் ட்வேய்னேதான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தலைவரிடம் கொடுத்திருக்க வேண்டும், தெரியும். ஆனால் கொடுத்தால், 'கோஸ்டியுக் பையன்' என்று மேஜையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அவன் கிண்டலுக்கு என்னைக் கேலி செய்வார்கள். அதனால் நானே கறாராகத் திருத்தினேன். அடித்தல் இருக்கிறது, வழி தெளிவாக இல்லை என்று ஐந்துக்கு ஒன்றுதான் போட்டேன். நாளைக்குத் தெரியவந்தாலும், தன் பையனுக்கு அள்ளிப் போட்டாள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அவனுக்கு அது ஒன்றும் ஆகாது, சமாளித்துவிடுவான்.

நாளை மறுநாள் வீட்டுக்குப் போகிறேன். உன் கடிதம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹல்யா


வில்லோ நாரோஸ்
4 ஆகஸ்ட் 1987

அன்புள்ள மிசஸ் கோஸ்டியுக் அவர்களுக்கு,

இந்த நேரத்துக்குள் என் ஜூலை நான்காம் தேதிக் கடிதத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தை நானும் படித்தேன். அந்தத் தாள் ட்வேய்னுடையது இல்லை.

முடிவுகள் இன்று வந்தன. வெர்னாவுக்குப் பள்ளி மார்க் அறுபத்தாறு, தேர்வு மார்க் ஐம்பத்திரண்டு, இறுதி மார்க் ஐம்பத்தொன்பது. வேண்டியது அறுபது. ஆகஸ்ட் இருபத்தைந்துக்குள் அறுபது உள்ள மார்க் பட்டியல் போகாவிட்டால் கல்லூரியில் அவள் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அவள் அழவில்லை. "மீன் கணக்குல எத்தன சார்?" என்று மட்டும் கேட்டாள். தாளைத் திருப்பித் தர மாட்டார்கள் என்று சொன்னேன். "அப்ப நான் எங்க தப்பு செஞ்சேன்னு எப்பிடித் தெரிஞ்சிக்கறது?" என்றாள். போகும்போது, "அடிச்சத காட்டியிருக்கக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. விதிகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரெஸ்ட் ஃபெடோருக்


நோவா டொலீனா
13 ஆகஸ்ட் 1987

என் தம்பி ஒரெஸ்டுக்கு,

இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடாதே. கடைசி வரை படி. பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்.

ஜூலை பதினெட்டாம் தேதி உன் கடிதத்தைப் பிரித்தேன். 'அரை மீன்' என்று படித்ததும் சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றே தெரியும் எனக்கு. மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. மற்ற கேள்விகளில் நன்றாக எழுதியிருப்பாள், எப்படியும் அறுபது வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று அந்த மூன்று வாரத்தில் தெரிந்தது. அது அழகாக இல்லை.

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. மேலே மிசஸ் கோஸ்டியுக் என்று பார்த்ததும் மைரானை வண்டி எடுக்கச் சொன்னேன். எட்மன்டனில் தேர்வு அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு, "நான் இங்கயே இருக்கேன். அழுதுட்டு வந்தா இந்த வாட்டி சிரிக்க மாட்டேன்" என்றார். உள்ளே ஒரு பெண் அதிகாரி. முழுவதையும் சொன்னேன். என் மாணவன் என்று நினைத்தும் தாளை ஒப்படைக்கவில்லை, என் நேர்மையை எல்லாருக்கும் காட்டுவதற்காக வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன் என்றேன்.

"நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார் அவர்.

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அந்தத் தாளை வேறு இருவர் மறுபடி திருத்துவார்கள். இருபதாம் தேதிக்குள் முடிவு வரும். நல்லதாக வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது, கூடாது. நான் அன்று திருத்திய மற்ற தாள்களிலும் சிலவற்றை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். இனி என்னைத் தாள் திருத்தக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் தலைமையாசிரியருக்கும் கடிதம் வரும். வரட்டும். வெர்னாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். தப்பு எங்கே என்று அவள் கேட்டாள் அல்லவா? அவள் தாளில் தப்பு இல்லை, என்னிடம் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். அதை நீ படிக்காமல் அவள் கையில் கொடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. திரும்பி வரும்போது வண்டியில் மைரான்தான் கேட்டார், "ஏன் ஹல்யா, உன் ஆளுங்கன்னா மட்டும் கத்திய எடுத்துக்கற?" என்று. இது முதல் தடவை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் மாகாணத் தேர்வு கிடையாது. டீச்சர் போட்டதுதான் மார்க். என் தம்பி என் வகுப்பில். ஊர் முழுக்க என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உனக்கு வந்தது எண்பத்தொன்று. நான் எழுபத்தெட்டு என்று எழுதினேன். நீ படிக்க ஆசைப்பட்ட பொறியியலுக்கு எண்பது கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். தெரியும். கிடைக்கும், எப்படியாவது சமாளித்துவிடுவான் என்று நினைத்தேன். நீ சமாளித்தாய். வாத்தியார் ஆனாய், நல்ல வாத்தியார் ஆனாய். அதையே சாக்காக வைத்துக்கொண்டு பதிமூன்று வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

உன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன், பயந்ததால் உன் மார்க்கில் கை வைத்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

ஹல்யா


வில்லோ நாரோஸ்
27 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அக்கா,

முதலில் வெர்னா. மீன் கணக்குக்கு இரண்டு பேருமே ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். தேர்வில் ஐம்பத்தாறு, இறுதியில் அறுபத்தொன்று. இருபத்தோராம் தேதி பள்ளிக்கூட ஃபோனில் செய்தி வந்தது, அன்றே கல்லூரிக்கும் சொல்லிவிட்டோம். செவ்வாய்க்கிழமை விமானத்தில் போகிறாள். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "உங்க அக்காவும் அடிச்சித் திருத்தி எழுதறவங்கதான் போல, பரவாயில்ல" என்றாள். உன்னைப் பார்க்க வேண்டுமாம். நீ எட்மன்டனுக்குப் போகும்போது அவளுக்கு உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை செய்து கொண்டுபோ, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி உனக்குத் தெரியும்.

இனி என் விஷயம். எனக்குத் தெரியும் அக்கா. அன்றைக்கே தெரியும். வருஷம் முழுக்க நீ கொடுத்த மார்க்குகள் என்னிடம் இருந்தன, கூட்டிப் பார்த்தேன். எண்பத்தொன்று. கணக்கு வாத்தியாரின் தம்பிக்குக் கூட்டக்கூடவா தெரியாது?

ஆனால் நீ நினைக்கிற மாதிரி நான் நினைக்கவில்லை. நீ பயந்தாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ தப்பு செய்வாய் என்பதே அப்போது என் புத்திக்கு எட்டாது. கூட்டினால் எண்பத்தொன்று வருகிறது, அக்கா எழுபத்தெட்டு போட்டிருக்கிறாள், ஆகவே எண்களில் தெரியாத ஏதோ ஒரு குறை என்னிடம் இருக்கிறது, அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். பதினெட்டு வயது. அந்தக் குறை என்ன என்று ரொம்ப நாள் தேடினேன். கல்லூரியில் ஒரு கணக்கு வராவிட்டால், அக்காவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிடுவேன். பிள்ளைகளின் தாளில் எண் எழுத எனக்கு ஏன் கை வரவில்லை என்று ஈஸ்டர் அன்று எல்லாரும் கேட்டீர்கள். ஆப்பிள் கதை உண்மைதான், ஆனால் அது பாதிதான்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. நேற்று விறகு பிளந்தபோது உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பிளந்தேன், குளிர்காலம் முழுவதற்கும் போதும். ஆனால் எட்மன்டனுக்குப் போய், சொல்லத் தேவையே இல்லாத இடத்தில் நின்று சொன்னாயே, என் அக்கா அவள்தான். ஜனவரியில், பழைய நாட்காட்டிப்படி வருகிற நம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். விருந்து முடியும் வரை உட்கார்ந்திருப்பேன்.

அதற்கு முன் எனக்கு ஒன்று செய். நீ அன்று போடாத என் சரியான மார்க்கை எனக்கு எழுதிக் கொடு. விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், அது கிடைத்துவிட்டது. மார்க்கை மட்டும் டீச்சராக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் தம்பி
ஒரெஸ்ட்


நோவா டொலீனா
8 செப்டம்பர் 1987

மாணவர்: ஒரெஸ்ட் ஃபெடோருக்
வகுப்பு: பன்னிரண்டு
பாடம்: கணக்கு
ஆண்டு: 1974
மார்க்: எண்பத்தொன்று

பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேட்டை எடுத்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். உன்னிடம் ஒரு குறையும் இல்லை.

ஹல்யா கோஸ்டியுக்
கணக்கு ஆசிரியை